அறுபது பிரதிகள்

(ஆய்வு மாணவர்களுக்கான கருத்தரங்கு ஒன்றின் நிறைவு நாளில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



"ஒரு நரம்பியல் ஆய்வாளரின் வெளியீடுகளும் அவற்றின் தாக்கமும்" என்று எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். அந்தத் தலைப்பில் உள்ள 'ஒரு' என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு ஒரே ஒருவரைப் பற்றிப் பேசலாம் என்று வந்திருக்கிறேன். அவர் பெயர் சாந்தியாகோ ரமோன் இ கஹால். ஸ்பெயின் நாட்டவர். 1852-இல் பிறந்து 1934-இல் மறைந்தார். மூளை என்பது தனித்தனி நரம்பணுக்களின் சேர்க்கை என்று உலகுக்குக் காட்டியவர். நரம்பியல் படிக்கிற எவரும் இன்று அவர் போட்ட பாதையில்தான் நடக்கிறோம்.

அவரிடம் போவதற்கு முன் என் அனுபவம் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தேர்வுக் குழுவில் உட்கார்ந்திருந்தேன். மேசைமேல் பதினான்கு கோப்புகள். ஒவ்வொன்றின் மேலும் ஒரு தாள் பின் செய்யப்பட்டிருந்தது. தாளில் நான்கு கட்டங்கள்: எத்தனை கட்டுரைகள், மொத்தம் எத்தனை மேற்கோள்கள், ஹெச்-இண்டெக்ஸ் எவ்வளவு, வெளியான ஆய்விதழ்களின் இம்பாக்ட் ஃபாக்டர் எவ்வளவு. காலை பத்தரைக்கு ஆரம்பித்தோம். மதியச் சாப்பாட்டுக்கு முன்பே பதினான்கு பேரையும் வரிசைப்படுத்திக் கையெழுத்துப் போட்டுவிட்டோம். மாலை வீட்டுக்குத் திரும்பும் வழியில்தான் எனக்கு உறைத்தது. முதலிடத்தில் நாங்கள் வைத்தவர் தன் ஆய்வில் என்ன கண்டுபிடித்தார்? எனக்குத் தெரியாது. மற்றவர்களுக்கும் தெரிந்திருக்க வழியில்லை. தாளுக்குக் கீழே இருந்த கோப்பை எங்களில் ஒருவரும் பிரிக்கவில்லை. அந்தத் தவறில் எனக்கும் சம பங்கு உண்டு. அன்றிலிருந்து கஹாலின் கதை எனக்கு வேறு மாதிரி கேட்கத் தொடங்கியது.

கதை ஒரு சமையலறையில் தொடங்குகிறது. வட இத்தாலியில் அப்பியாத்தெக்ராஸ்ஸோ என்ற சிற்றூர். அங்கே, தீராத நோயாளிகளுக்கான மருத்துவமனை ஒன்றில் கமில்லோ கொல்ஜி என்ற மருத்துவர் வேலை பார்த்தார். ஆய்வுக்கூடம் கிடையாது, சமையலறையைத்தான் ஆய்வுக்கூடமாக்கிக்கொண்டார். மூளைத் துண்டைப் பொட்டாசியம் டைகுரோமேட்டில் ஊறவைத்துப் பிறகு வெள்ளி நைட்ரேட் கரைசலில் இட்டால், ஒரு சில நரம்பணுக்கள் மட்டும் முழு உருவத்தோடு கன்னங்கரேலென்று சாயம் ஏறி நின்றன. மற்றவை கண்ணுக்கே தெரியவில்லை. அடர்ந்த காட்டில் ஒரே ஒரு மரத்தை மட்டும் வேர் முதல் நுனிக் கிளை வரை கறுப்பாக்கிக் காட்டுவது போன்ற வேலை அது. 1873-இல் இதை இத்தாலிய மொழியில் வெளியிட்டார். உலகம் ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

பதினான்கு ஆண்டுகள் கழித்து, 1887-இல், மாத்ரித் நகரில் லூயிஸ் சிமாரோ என்ற மருத்துவர் தன்னிடம் இருந்த கொல்ஜிச் சாய ஸ்லைடு ஒன்றைக் கஹாலுக்குக் காட்டினார். கஹாலுக்கு அப்போது முப்பத்தைந்து வயது. அந்த ஆண்டே பார்சிலோனாவில் பேராசிரியராகப் போய்ச் சேர்ந்தவர், வேறு எல்லாவற்றையும் ஒதுக்கிவைத்துவிட்டு இந்தக் கறுப்புச் சாயத்தோடு மல்லுக்கட்டினார். சாயம் ஏற்றுவதை இரண்டு முறை செய்து பார்த்தார். வளர்ந்த மூளையில் நரம்பிழைகளைச் சுற்றி மயலின் என்ற கொழுப்புறை இருப்பதால் சாயம் உள்ளே போவதில்லை என்பதைக் கவனித்தார். அப்படியானால் உறை உருவாவதற்கு முன்பே பார்த்துவிடலாமே என்று கருக்களையும் குஞ்சுப் பறவைகளையும் எடுத்துக்கொண்டார். முதிர்ந்த காட்டில் வழி தெரியாவிட்டால் கன்றுகள் நிற்கும் இடத்துக்குப் போய்ப் பார் என்ற எளிய யோசனைதான்.

பறவையின் சிறுமூளையில் அவர் கண்டதைச் சொல்கிறேன். பர்கிஞ்சி அணு என்று ஒன்று உண்டு. விசிறிபோல ஒரே தளத்தில் கிளை விரித்து நிற்கும். அதன் உடலைச் சுற்றி வேறோர் அணுவின் இழை நுனிகள் கூடை முடைந்ததுபோல் சூழ்ந்திருந்தன. இன்னொரு வகை இழை, கொழுகொம்பில் அவரைக்கொடி ஏறுவதுபோல அதன் கிளைகளில் படர்ந்து ஏறியது. கூடையும் சரி, கொடியும் சரி, அணுவைத் தழுவி நின்றன, அதற்குள் கரைந்துவிடவில்லை. நரம்புகள் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிய ஒரே வலை என்று அன்றைய அறிஞர்கள் பலர் நம்பினார்கள், கொல்ஜியே நம்பினார். கஹால் பார்த்த இடத்தில் வலை இல்லை. தனித்தனி அணுக்கள், அருகருகே.

இதை எங்கே வெளியிடுவது? ஸ்பானிய மொழியில் எழுதினால் ஜெர்மனியிலோ பிரான்சிலோ படிக்க ஆள் இல்லை. வெளிநாட்டு ஆய்விதழில் இடம் கிடைத்து அச்சாகும்வரை காத்திருக்க அவரிடம் பொறுமை இல்லை. ஆகவே தானே ஓர் இதழைத் தொடங்கினார். 1888 மே மாதம் முதல் இதழ் வெளிவந்தது. செலவு அவருடையது. கட்டுரைகள் அவருடையவை. படங்களும் அவர் கையால் வரைந்தவை. அச்சடித்தது 60 பிரதிகள். பெரும்பகுதியை வெளிநாட்டு அறிஞர்களின் முகவரிகளுக்குத் தபாலில் அனுப்பினார். அந்த ஆண்டு வீட்டில் ஐந்தாவது குழந்தை. சம்பளத்தில் ஒரு பங்கு அச்சகத்துக்குப் போய்விட, வேலைக்கு ஆள் வைக்காமல் அவர் மனைவி சில்வேரியா குடும்பத்தைத் தாங்கினார். கஹால் தன் நினைவுக் குறிப்புகளில் இதை நன்றியோடு பதிவு செய்திருக்கிறார். எந்த மேற்கோள் பட்டியலிலும் ஏறாத உழைப்பு அது.

அறுபது பிரதிகளும் போய்ச் சேர்ந்தன. ஏறக்குறைய மௌனம்தான் பதில்.

இப்போது ஒரு நிமிடம் நில்லுங்கள். 1889 செப்டம்பரில் கஹாலின் பயோடேட்டா நம் தேர்வுக் குழுவின் மேசைக்கு வந்திருந்தால்? கட்டுரைகள் வெளியான இதழ்: சொந்த இதழ். மொழி: ஸ்பானிஷ். இதழின் இம்பாக்ட் ஃபாக்டர்: இல்லை. மேற்கோள்கள்: சொல்லும்படி இல்லை. இந்த நான்கில் ஒன்றிலும் அவர் தேறமாட்டார். பதினான்கு கோப்புகளில் பதினான்காவதாகக்கூட வைத்திருக்கமாட்டோம், பரிசீலனைக்கே எடுத்திருக்கமாட்டோம். நரம்பியல் என்ற துறையின் அடித்தளம் அந்தக் கோப்புக்குள் இருந்தது.

பிறகு என்ன நடந்தது? 1889 அக்டோபரில் பெர்லினில் ஜெர்மன் உடற்கூறியல் கழகத்தின் மாநாடு. கஹால் தன் கைக்காசில் பயணம் செய்தார். நுண்ணோக்கியையும் மிகச் சிறந்த ஸ்லைடுகளையும் எடுத்துக்கொண்டார். அரங்கில் யாருக்கும் அவரைத் தெரியாது. ஜெர்மன் பேச வராது. தட்டுத் தடுமாறிய பிரெஞ்சுதான். செய்முறை விளக்கத்துக்கு என்று ஒதுக்கிய இடத்தில் ஸ்லைடுகளைப் பொருத்திவைத்துவிட்டு வருகிறவர்களுக்குக் காட்டிக்கொண்டிருந்தார். முதலில் வந்தவர்கள் சந்தேகத்தோடுதான் குனிந்தார்கள். வூர்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தின் ஆல்பெர்ட் கோலிக்கரும் வந்தார். வயது எழுபத்திரண்டு. திசுவியலில் ஐரோப்பா மதித்த பெரியவர். அவரும் வலைக் கொள்கையின் பக்கம் இருந்தவர். கண் வைத்துப் பார்த்தார். ஒவ்வொரு ஸ்லைடாகப் பார்த்தார். கூடை தெரிந்தது, கொடி தெரிந்தது, இழைகள் எங்கே முடிகின்றன என்பது தெரிந்தது. அன்றே கஹாலைத் தன் வண்டியில் ஏற்றித் தான் தங்கியிருந்த விடுதிக்கு அழைத்துப்போய் விருந்து கொடுத்தார், மற்ற அறிஞர்களுக்கு அறிமுகப்படுத்தினார். ஊருக்குத் திரும்பியதும் கஹால் சொன்ன முறையில் தானே செய்து பார்த்து, உண்மைதான் என்று எழுதினார். கஹாலின் கட்டுரைகளைப் படிப்பதற்காக அந்த வயதில் ஸ்பானிய மொழி கற்றுக்கொண்டார்.

நண்பர்களே, மேற்கோள் என்றால் என்ன என்று என்னைக் கேட்டால் கோலிக்கர் செய்ததைத்தான் காட்டுவேன். குனிந்து பார்த்தார், தான் நம்பியதை மாற்றிக்கொண்டார், யாரிடமிருந்து தெரிந்துகொண்டேன் என்று பெயர் சொல்லி எழுதினார். நம் மொழிக்கு இது புதிதல்ல. தொல்காப்பியர் ஓர் இலக்கணத்தைச் சொல்லிவிட்டு 'என்ப' என்று முடிக்கும்போது, இது என் சொத்து அல்ல, எனக்கு முன் இருந்த புலவர்கள் சொன்னது என்று கடனை ஒப்புக்கொள்கிறார். நம் உரையாசிரியர்கள் முந்தைய உரையைச் சொல்லி, ஏற்க வேண்டியதை ஏற்று, மறுக்க வேண்டியதை மறுத்துத்தான் தங்கள் உரையைத் தொடங்கினார்கள். படிக்காமல் 'என்ப' போட முடியாது.

இந்தப் பழைய பழக்கம் எப்போது எண்ணாக மாறியது? இதிலும் 1873 என்ற ஆண்டு வருகிறது. கொல்ஜி சாயத்தை வெளியிட்ட அதே ஆண்டில், அமெரிக்காவில் ஃபிராங்க் ஷெப்பர்ட் என்பவர் வழக்கறிஞர்களுக்காக ஒரு பட்டியல் முறையைத் தொடங்கினார். ஒரு தீர்ப்பைப் பிற்பாடு எந்தெந்தத் தீர்ப்புகள் எடுத்தாண்டன, எவை தள்ளிவிட்டன என்று அதில் பார்க்கலாம். தள்ளுபடியான தீர்ப்பை நம்பி நீதிமன்றத்தில் நின்றால் வக்கீலின் கதி என்ன? அதற்கான காப்பு அது. இந்த முறையை அறிவியலுக்குக் கொண்டுவரலாம் என்று யூஜின் கார்ஃபீல்ட் 1955-இல் 'சயன்ஸ்' இதழில் எழுதினார். அவருடைய நோக்கத்தைக் கவனியுங்கள். பொய்யான, அரைகுறையான, காலாவதியான முடிவுகளைத் தெரியாமல் எடுத்தாள்வதைத் தடுக்க வேண்டும்; ஒரு கட்டுரையைப் பற்றிப் பின்னால் வந்தவர்கள் என்ன சொன்னார்கள் என்று படிப்பவருக்குத் தெரிய வேண்டும். 1964-இல் அறிவியல் மேற்கோள் அட்டவணை அச்சில் வந்தது. படிப்பவருக்கு வழிகாட்டப் பிறந்த கருவி அது. நாளடைவில் நாம் அதை ஆளை நிறுக்கும் தராசாக்கிவிட்டோம்.

2005-இல் ஹோர்ஹே ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் ஹெச்-இண்டெக்ஸைக் கொண்டுவந்தார். மாணவர்களில் சிலருக்குப் பெயர் தெரியும், கணக்கு தெரியாது, அதனால் சொல்கிறேன். ஒருவர் ஐந்து கட்டுரைகள் எழுதியிருக்கிறார். அவை 40, 12, 5, 3, 1 முறை மேற்கோளாயிருக்கின்றன. குறைந்தது மூன்று மேற்கோள் பெற்ற கட்டுரைகள் மூன்றுக்குக் குறையாமல் இருக்கின்றன. நான்கு மேற்கோளாவது பெற்றவை நான்கு இல்லை. ஆகவே அவர் ஹெச்-இண்டெக்ஸ் 3. அந்த நாற்பது நாலாயிரம் ஆனாலும் அது 3 தான். கஹாலைப் போல ஓர் ஆழமான கிணறு வெட்டியவருக்கும், நாலு இடத்தில் மண்ணைக் கீறியவருக்கும் வித்தியாசம் தெரியாத கணக்கு இது. இம்பாக்ட் ஃபாக்டரோ ஆளைப் பற்றியதே அல்ல. முந்தைய இரண்டு ஆண்டுகளில் ஓர் இதழில் வந்த கட்டுரைகள் சராசரியாக எத்தனை முறை எடுத்தாளப்பட்டன என்பது. தெருவின் சராசரி வருமானத்தை வைத்து ஒரு வீட்டின் அடுப்பில் என்ன வேகிறது என்று சொல்ல முடியுமா?

எண் எதையெல்லாம் சொல்லாமல் விட்டுவிடும் என்பதற்குக் கஹாலின் வாழ்க்கையிலேயே சான்று உண்டு. 1891-இல் ஜெர்மானிய உடற்கூறியலாளர் வில்ஹெல்ம் வால்டையர், கஹால் உட்படப் பலருடைய ஆய்வுகளைத் தொகுத்து ஜெர்மன் மருத்துவ இதழில் ஒரு கட்டுரைத் தொடர் எழுதினார். அதில்தான் 'நியூரான்' என்ற பெயரை வைத்தார். உலகம் முழுக்க அந்தப் பெயர் நிலைத்தது. தொகுப்புரைக்கு மேற்கோள் குவியும், மூலக் கண்டுபிடிப்பு பின்னால் நிற்கும் என்பது இன்றைக்கும் நாம் காண்கிற நடப்புதான். அதையும் தாண்டி ஒன்று உண்டு. இன்று 'நியூரான்' என்று எழுதும் எவரும் அடைப்புக்குறிக்குள் கஹாலின் பெயரைப் போடுவதில்லை. பாடப்புத்தகத்தின் முதல் பக்கத்துக்குப் போய்விட்ட உண்மைக்கு மேற்கோள் தேவைப்படாது. மிகப் பெரிய தாக்கம் எண்ணிக்கையிலிருந்தே மறைந்துவிடுகிறது.

மறுபக்கத்தையும் பாருங்கள். உலகில் மிக அதிகமாக மேற்கோளான ஆய்வுக்கட்டுரை எது? 1951-இல் ஆலிவர் லௌரியும் அவர் குழுவினரும் எழுதியது. மூன்று லட்சம் தடவைக்கு மேல். கரைசலில் புரதம் எவ்வளவு இருக்கிறது என்று அளக்கும் முறை அதில் இருக்கிறது. லௌரி மூளை வேதியியலில் முன்னோடி. நுண்ணிய குவார்ட்ஸ் இழையில் தராசு செய்து, ஒற்றை நரம்பணுவை நிறுத்து அதன் வேதியியலை ஆராய்ந்தவர். புரதம் அளக்கும் கட்டுரை ஒன்றும் பெரிய கட்டுரை அல்ல என்று அவரே ஒப்புக்கொண்டார். பயன்பட்டது, அதனால் பெயர் சொன்னார்கள். பயன் என்பதும் மதிப்புதான், மறுக்கவில்லை. ஆனால் ஒற்றை நரம்பணுவை நிறுத்த லௌரியை அந்த மூன்று லட்சத்தில் தேடினால் கிடைக்கமாட்டார்.

மனம் வருந்துகிற ஒன்றும் உண்டு. அல்சைமர் நோயில் நினைவு அழிவதற்கு ஒரு குறிப்பிட்ட புரதத் திரள் காரணமாகலாம் என்று 2006-இல் 'நேச்சர்' இதழில் ஒரு கட்டுரை வந்தது. அதன் படங்கள் திருத்தப்பட்டிருக்கலாம் என்ற ஐயம் 2022-இல் பகிரங்கமானது. 2024 ஜூனில் கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. அதற்குள் சுமார் 2,500 முறை மேற்கோளாகியிருந்தது. பெற்ற தாயின் முகம் மறந்துபோன ஒருவரை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்பவர்களுக்குத் தெரியும், அந்த ஆண்டுகளின் விலை என்ன என்று. ஐயம் எழுப்பியவர்கள் என்ன செய்தார்கள்? படங்களை உற்றுப் பார்த்தார்கள். கோலிக்கர் செய்த அதே வேலை. கார்ஃபீல்ட் அட்டவணை போட்டது இதற்காகத்தான்.

இவ்வளவும் கேட்டபிறகு, எண்களையே தூக்கி எறிந்துவிடலாமா என்று ஒருவர் கேட்கலாம். நான் அப்படிச் சொல்லமாட்டேன். சிபாரிசுக் கடிதமும் சாதிக் கணக்கும் யார் யாருக்கு வேண்டியவர் என்பதும் வேலையைத் தீர்மானித்த காலத்தை என் தலைமுறை பார்த்திருக்கிறது. பின்னணி ஏதும் இல்லாமல் வந்த ஒரு பிள்ளை, "ஐயா, என் கட்டுரைகள் இவை, இத்தனை பேர் எடுத்தாண்டிருக்கிறார்கள்" என்று காட்ட ஓர் எண் இருந்தது பலருக்குக் கேடயமானது. அந்தக் கேடயத்தைப் பிடுங்கிவிட்டுப் பழைய இருட்டுக்குத் திரும்ப வேண்டாம். சொந்த இதழ் தொடங்கியவர்கள் எல்லாரும் கஹால் அல்ல என்பதும் உண்மை. பணம் கட்டினால் மறுவாரமே கட்டுரை போடும் போலி இதழ்கள் நம் மாணவர்களின் உழைப்பைத் தின்றுகொண்டிருக்கின்றன.

நான் கேட்பது ஒன்றே. எண் வாசல்வரை கொண்டுவரட்டும். உள்ளே போய்ப் படிப்பது நம் பொறுப்பு. 2012-இல் சான் பிரான்சிஸ்கோவில் உயிரணு உயிரியலாளர்கள் கூடியபோது உருவான பிரகடனமும், இதழின் எண்ணை வைத்துத் தனி ஆய்வாளரை மதிப்பிடக் கூடாது என்றே வலியுறுத்தியது. குழுவில் இருப்பவர்கள் விண்ணப்பதாரரிடம் ஐம்பது கட்டுரைகளின் பட்டியலைக் கேட்க வேண்டாம். "உங்களுடைய சிறந்த மூன்று கட்டுரைகளைக் கொடுங்கள், அவற்றில் உங்கள் கை எங்கே பட்டது என்று ஒரு பக்கம் எழுதுங்கள்" என்று கேளுங்கள். பிறகு ஒன்றையாவது படித்துவிட்டு வந்து உட்காருங்கள். நரம்பியலில் இது மிகவும் தேவை. கஹால் தனியே வரைந்தார். 2024-இல் பழ ஈயின் மூளை வரைபடம் 1,39,255 நரம்பணுக்களோடு வெளிவந்தபோது அதற்குப் பின்னால் பெரிய கூட்டுழைப்பு இருந்தது. அத்தகைய பட்டியலில் ஒருவர் பெயர் எங்கே நிற்கிறது என்பதைப் பார்த்து மட்டும் அவர் உழைப்பு தெரிந்துவிடாது.

மாணவர்களுக்கும் ஒரு வார்த்தை. "பேப்பர் போட்டாச்சா, சைட்டேஷன் எவ்வளவு?" என்ற கேள்வி உங்களைத் துரத்துகிறது என்பது எனக்குத் தெரியும். ஒரே ஆய்வை நாலாக நறுக்கி நாலு கட்டுரையாக்கத் தோன்றும். கஹாலைப் பாருங்கள். 1899 முதல் 1904 வரை அவர் வெளியிட்ட நரம்பு மண்டலப் பெருநூல் பிரெஞ்சில் 1909–1911-இல் வந்தது. முழு ஆங்கில மொழிபெயர்ப்பு 1995-இல்தான் வந்தது. ஏறத்தாழ நூறு ஆண்டு பழமையான நூலை ஒருவர் உட்கார்ந்து மொழிபெயர்க்கிறார் என்றால், அதில் பார்த்து எழுதியது இன்னும் பிழைத்திருக்கிறது என்று பொருள். 1906-இல் கொல்ஜிக்கும் கஹாலுக்கும் நோபல் பரிசு சேர்ந்து கிடைத்தது. கொல்ஜி ஸ்டாக்ஹோம் மேடையில் நின்றும் வலைக் கொள்கைக்காகவே வாதாடினார். 1950-களில் எலெக்ட்ரான் நுண்ணோக்கி இரண்டு நரம்பணுக்களுக்கு இடையே உள்ள இடைவெளியைக் காட்டியது. கஹால் அதைப் பார்க்க உயிரோடு இல்லை.

இனி நம் ஊருக்கு வருகிறேன். சென்னை ஐ.ஐ.டி.யில் உள்ள மூளை ஆய்வு மையம் 2024 டிசம்பரில் கருவிலுள்ள மனித மூளையின் 5,132 வெட்டுப் படங்களை 'தரணி' என்ற பெயரில் வெளியிட்டது. உலகில் எவரும் கட்டணமின்றிப் பார்க்கலாம். கன்றுகள் நிற்கும் இடத்துக்குப் போ என்ற கஹாலின் யோசனை நம் ஊரில் இந்த உருவம் எடுத்திருக்கிறது. அதன் பயனை வருங்காலத்தில் எந்த எண் முழுமையாக அளக்கும்? ஆனால் அந்தப் படங்களைத் திறந்து பார்க்கும் மாணவி ஒருத்தி எங்கோ இருப்பாள்.

இந்த அரங்குக்கு வெளியே தாழ்வாரத்தில் உங்கள் போஸ்டர்கள் மூன்று நாளாகத் தொங்குகின்றன. காலையில் வரும்போது கவனித்தேன். பலருடைய போஸ்டருக்கு முன்னால் அவர்களே தனியாக நின்றுகொண்டிருந்தார்கள். பெர்லினில் கஹாலும் அப்படித்தான் நின்றிருப்பார். பேராசிரியப் பெருமக்களே, கூட்டம் முடிந்ததும் தேநீர் ஏற்பாடு செய்திருக்கிறார்கள். போகும் வழியில் ஒரே ஒரு போஸ்டருக்கு முன்னால் நில்லுங்கள். "என்ன கண்டுபிடித்தாய், காட்டம்மா" என்று கேளுங்கள். காட்டினால் குனிந்து பாருங்கள். நானும் வருகிறேன்.